ரலியைக் கரைக்கும் நாள்

பனோடு,
1973 நவம்பர் 12

என் அண்ணிக்கும் என் நாத்தனாருக்கும் (இரண்டும் ஒருத்திதான், அதனால் ஒரே காகிதம் போதும்),

ரக்ஷா, உனக்குக் கோபமா சோம்பலா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. கடோலில் என் அம்மா வீட்டில் மை தீர்ந்துவிட்டதா?

நான் பிறந்த வீட்டில் நீ மருமகள். நீ பிறந்த வீட்டில் நான் மருமகள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் காங்ரா பக்கம் புதிதில்லை. ஆனால் கொடுக்கப்பட்ட இரண்டு பேரும் முன்னாலேயே கூடிப் பேசி, பெரியவர்கள் வாயிலிருந்தே அந்தப் பேச்சை வரவழைத்தது நாம் மட்டும்தான் இருக்கும். நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

பெண் பார்க்க மஸ்ரூர் கோயில் குளத்தங்கரைக்கு வந்தோமே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நீ உன் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தபோது நாம் ரலி கல்யாணம் விளையாடி மண்பொம்மை கரைத்த அதே படியில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். உன் அண்ணன் ஓங்கார் பட்டாளத்து உடுப்பில் வந்திருந்தார். என் அண்ணன் மில்கி தலையில் ஒரு படி எண்ணெய். உன் அம்மா கோயிலைக் காட்டி, "மலையக் கொடஞ்சு சாமி வச்ச எடம். இங்க குடுத்த வாக்கு மாறாது"ன்னு சொன்னார்கள். நீ என் தொடையைக் கிள்ளினாய்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மா என்னைத் தரையில் விடுவதில்லை. ஏனென்று நீயே ஊகித்துக்கொள். ஆனி மாதம் நீ அத்தை ஆகப்போகிறாய். அவர் பட்டாளத்திலிருந்து எழுதுகிற கடிதத்தில் முதல் வரியே, "நல்லா சாப்பிடுறியா" என்றுதான்.

அண்ணன் அங்கே சமர்த்தாக இருக்கிறானா? அன்றைக்கு நீ கேட்டபோது நான் சொன்னதுதான். மில்கி பால் மாதிரி. பொங்குவான், அடங்கிவிடுவான். நீ கொஞ்சம் பக்கத்தில் நின்று ஊதிவிட்டால் போதும்.

பதில் போடு. இல்லையென்றால் நானே வந்து உன் காதைத் திருகுவேன்.

உன் அண்ணி, உன் நாத்தனார், உன் திரிப்தா


கடோல்,
1973 டிசம்பர் 9

திரிப்தாவுக்கு,

மை இருக்கிறது. கைதான் வீங்கியிருந்தது. இப்போது வற்றிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் உன் சித்தி வந்தாள். எல்லோரும் மஸ்ரூர் போனோம். சித்திக்குக் கோயில் கூரைமேல் ஏறிப் பார்க்க ஆசை. பக்கத்துப் பாறையில் வெட்டிய படி வழியாக நானும் அவளும் ஏறினோம். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் படி வெட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்களே, அந்தப் படி. மேலே நின்றபோது சித்தி, "பாதிப் படியோட விட்டுட்டுப் போயிருக்கானுங்களே, அந்த ஆம்பளைங்களும் நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரிதான்"னு சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். குளத்தங்கரையில் யாரோ வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை.

கீழே இறங்கினேன். "மேல நின்னுக்கிட்டு எவனப் பாத்துடி பல்லக் காட்டுன?" என்றான் உன் பால். பதில் சொல்வதற்குள் அறைந்தான். வாசல் நிலைக்கு மேலே சிவன், உள்ளே ராமர், சீதை, லட்சுமணர். எல்லோருக்கும் எதிரில்தான் அறைந்தான். சித்தி என்ன செய்தாள் தெரியுமா? உள்ளே போய் மணியைப் பலமாக அடித்தாள். அடிக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். குடும்ப மானம்.

உன் வீட்டு அடுப்படியில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறதே, ஒரு பக்கம் நசுங்கியது. ஓடையில் விழுந்து நசுங்கியது என்று சொன்னாய். உன் முதுகில் இருக்கிற தழும்பு, கொதிக்கிற சாதக் கஞ்சி பட்டது என்று சொன்னாய். நேற்று உன் அம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று, "நீ என்னமோ புதுசா வாங்கின மாதிரி அழுற. இந்தக் கொடத்த எம்மவ முதுகுலயே வீசியிருக்கான். அவ அழுதாளா?" என்றாள்.

ஆக, உனக்குத் தெரியும். தெரிந்துதான் என் தலையில் கட்டினாய். என் அண்ணன் உனக்கு வேண்டியிருந்தான். அவனை வாங்குவதற்கு உன் வீட்டில் வேறு பொருள் இல்லை, என்னைக் கொடுத்தாய்.

சாப்பிடு. நன்றாகச் சாப்பிடு.

ரக்ஷா


பனோடு,
1974 ஜனவரி 20

என் ரக்ஷாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நிலைமையில் எனக்கு இப்படி எழுதலாமா? வயிற்றில் இருப்பது உன் அண்ணன் பிள்ளை.

நான் பொய் சொல்லவில்லை. நீ ஒரே ஒரு தடவைதான் கேட்டாய், அதுவும் ஜிலேபி தின்றுகொண்டே. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தங்கையிடம் ஒரு மாதிரி இருப்பான், பெண்டாட்டி வந்தால் மாறிவிடுவான் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அங்கே நடந்ததை உன் பெரியம்மாவிடம் சொன்னாயாம். அவர் பஸ் ஏறி இங்கே வந்து உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயந்திரம் உன் அம்மா என் முன்னால் வைத்த பால் தம்ளரை எடுத்து நாய்க்கு ஊற்றினார்கள். "எம்பொண்ணு அங்க அடி தின்னுறா. இவ இங்க பால் குடிக்கிறாளா"ன்னு கேட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்குப் படுக்கை மாட்டுக்கொட்டகையில். தை மாதக் குளிர், மலையெல்லாம் பனி.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மகள் பாசம். ஆனால் நீ ஒவ்வொன்றையும் பெரியம்மாவிடம் சொல்லாதே. அங்கே உனக்கு விழுகிறது எல்லாம் இங்கே எனக்குத் திரும்பி வருகிறது. எனக்கு எழுது, நான் அண்ணனுக்கு எழுதிக் கண்டிக்கிறேன்.

என் வயிற்றை நினைத்துப் பார்.

உன் திரிப்தா


கடோல்,
1974 மார்ச் 3

திரிப்தா,

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எழுதியிருந்தாய். தேடிப் பார்த்தேன். உன் அண்ணனுக்கு இரண்டும் அடிக்கிற கைதான்.

நீ கண்டித்து எழுதிய கடிதம் வந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். "எந்தங்கச்சிக்கு என்னப் பத்தி எழுதிக் குடுத்தியா"ன்னு கேட்டான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. உன் வயிற்றில் உள்ளதை நினைக்கச் சொன்னாயே. என் வயிற்றிலும் ஒன்று இருந்தது. யாருக்கும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல நினைத்திருந்தேன், அவ்வளவு மடச்சி நான். இப்போது இல்லை.

உன் அம்மா ரத்தத்துணியை ஓடையில் அலசிக்கொண்டு வந்து, "போனது பொண்ணாத்தான் இருக்கும், விடு" என்றாள்.

எழுந்து நடக்க முடிந்த அன்று மஸ்ரூருக்குத் தனியாகப் போனேன். கோயிலுக்கு வெளியே பூகம்பத்தில் சரிந்த கற்கள் கிடக்கின்றனவே, அதில் ஒன்றில் பாதி முகம் செதுக்கியிருக்கும். நாம் அதற்குத் தயிர்ச்சோறு ஊட்டி விளையாடுவோம். அதன் மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஒன்றுதான் புரிந்தது. எனக்கு அடி விழுந்தால் உனக்கும் விழும் என்று நீயே எழுதிவிட்டாய். இத்தனை நாள் எனக்கு அது தெரியாது.

நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். நாளைக் காலை பஸ்ஸில் அவள் பனோடு வருகிறாள்.

கொட்டகையில் வைக்கோல் கிழக்கு மூலையில் கனமாக இருக்கும். அங்கே படுத்துக்கொள், குளிர் தெரியாது.

ரக்ஷா


பனோடு,
1974 ஆகஸ்டு 18

ரக்ஷா,

பெண் குழந்தை. ஆனியில் பிறந்தாள். நிம்மோ என்று கூப்பிடுகிறோம். உன் மூக்கு.

என் உயிர் போகவில்லை, அதுதான் நீ கேட்கக் காத்திருந்த செய்தி என்றால். உன் குழந்தை போனதற்கு நான் அழுதேன். நீ நம்பமாட்டாய். நானும் நம்பச் சொல்லவில்லை.

அவர் லீவில் வந்தார். வந்த அன்றே உன் அம்மா பாயில் படுத்துக்கொண்டு, "எம்மகளுக்கு அங்க புள்ள போச்சு. நீ இங்க தொட்டில் ஆட்டு"ன்னு சொன்னார்கள். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மடித்து வைத்திருந்த ரஜாய்ப் போர்வையை எடுத்துக் கட்டில்மேல் போட்டு, பெல்ட்டால் அதை அடித்தார். "அம்மா கேக்கணும். நல்லா சத்தம் போட்டு அழு" என்று என் காதில் சொன்னார். நான் கத்தினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நாலு நாள் இப்படியே ஓட்டினோம்.

ஐந்தாம் நாள் பெரியம்மா மறுபடியும் வந்தார், உன் பல் விழுந்த கதையோடு. அன்று ராத்திரி உன் அண்ணன் ரஜாயை எடுக்கவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை, ரஜாய் எங்கே என்று தேடினேன். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. பழகிவிட்டது போலிருக்கிறது, கை.

உன் அண்ணன் நல்லவர்தான், ரக்ஷா. நீயும் நானும் சேர்ந்து அவரை இப்படி ஆக்கினோம். இல்லை, நீ ஆக்கினாய். நான் என்ன செய்தேன்? ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஆசைப்படாத பெண் உண்டா?

கெஞ்சிக் கேட்கிறேன். பெரியம்மாவிடம் போவதை நிறுத்து. என்ன வேண்டும் உனக்கு? சொல்.

திரிப்தா


கடோல்,
1975 ஜனவரி 8

அன்புள்ள திரிப்தாவுக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குக் காரணம், யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பெரியம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், உனக்கே தெரிந்திருக்கும். உனக்கு மறுபடியும் கட்டில் கிடைத்ததா?

என்ன வேண்டும் என்று கேட்டாய். இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். அது ஒன்றுதான். ஆனால் நான் பனோடுக்கு வந்தால் அம்மா என்னை உள்ளே விடமாட்டாள். "நீ வந்தா அவள அனுப்பணும். எம்மகன் சோத்துக்கு யாரு"ன்னு கேட்பாள். நீ கடோலுக்கு வந்தாலும் இதே கதைதான். ஒரு தராசின் இரண்டு தட்டு மாதிரி நம்மைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறார்கள், அதுவும் நாமே கேட்டுக்கொண்டபடி. நாம் ஒருத்தியை ஒருத்தி கடித்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியேறிவிட்டால்? அடித்துப் பழிவாங்க எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. பதான்கோட்டில் கம்பளி நெய்கிற கூடம் ஒன்றில் தங்க இடமும் கொடுத்து வேலையும் தருகிறார்களாம். என்னோடு படித்த பிரம்மி அங்கே இருக்கிறாள். குழந்தை இருந்தால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாள்.

பைசாகி அன்று மஸ்ரூரில் திருவிழாக் கூட்டம் இருக்கும். பெண்கள் எல்லாம் ரலி கரைக்க வருவார்கள், நம்மை யாரும் கவனிக்கமாட்டார்கள். ரலி கதை ஞாபகம் இருக்கிறதா? பிடிக்காத கல்யாணம் செய்துவைத்ததும், போகிற வழியில் பல்லக்கை நிறுத்தி ஆற்றில் குதித்தாளே. நாம் குதிக்க வேண்டாம், பஸ் ஏறுவோம்.

நீ யோசி. வற்புறுத்தவில்லை. உனக்கு அங்கே நன்றாக இருந்தால் இதைக் கிழித்து அடுப்பில் போடு.

உன் ரக்ஷா


பனோடு,
1975 பிப்ரவரி 16

என் ரக்ஷா,

"உன் ரக்ஷா" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதை மட்டும் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் முடியாது என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆகிவிடுவார் என்று ஒரு நப்பாசை. போன வாரம் உன் அம்மா நிம்மோவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம், "இது வளரட்டும். இதக் குடுத்துத்தான் இதுக்குப் பின்னாடி பொறக்கப்போற பையனுக்குப் பொண்ணு எடுக்கணும்"னு சொன்னார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வருகிறேன். அவர் பைசாகிக்கு லீவில் வருவார் என்று பேச்சு. அதனால் என்ன, திருவிழாவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் சந்தேகப்படமாட்டார். கம்பளி நெய்ய எனக்கு வருமா? நீ சொல்லிக்கொடு, நீதான் எல்லாவற்றையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாய். நிம்மோவை ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அவள் உன்னையும் அம்மா என்று கூப்பிடட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

எங்கே நிற்க வேண்டும், எப்போது வர வேண்டும், எல்லாம் எழுது. உன்னைப் பார்த்ததும் உன் காலில் விழப்போகிறேன், தடுக்காதே.

உன் திரிப்தா


கடோல்,
1975 ஏப்ரல் 2

திரிப்தா,

குளத்தின் வடக்குப் பக்கம், பாதி முகம் உள்ள கல்லுக்குப் பின்னால் நில். சாலையிலிருந்து தெரியாது. கோயில் படிமேல் நின்றால்தான் தெரியும்.

உன் வெள்ளி நகை, நிம்மோ துணிமணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வா. ஒன்றையும் விடாதே. நீ முதலில் வந்துவிடு, நான் வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும். பெண்கள் ரலியைத் தண்ணீரில் விட்டுப் பாட ஆரம்பிக்கும்போது நான் அங்கே இருப்பேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

ரக்ஷா


கடோல்,
1975 மே 11

ரக்ஷா,

நீ எழுதிய வீட்டிலிருந்து நான் எழுதுகிறேன். அதே ஜன்னல், அதே மைக்கூடு. நசுங்கிய குடமும் இருக்கிறது.

பைசாகி அன்று விடிந்ததும் பஸ் பிடித்து மஸ்ரூருக்குப் போய்விட்டேன். நீ சொன்ன கல்லுக்குப் பின்னால் நின்றேன். நிம்மோவுக்குப் பால் கொடுத்தேன். பெண்கள் வரிசையாக வந்தார்கள், கூடையில் ரலியும் அவள் மாப்பிள்ளை சங்கரனும். ஒரு பெண் என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, எங்க மாப்பிள்ளை மூக்கு உடையப்போகுது" என்றாள். நானும் அப்படித்தானே பெரிய மூக்காகச் செய்வேன். கடோல் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொம்மைகளைத் தண்ணீரில் விட்டார்கள். மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது பாடுவார்களே, அந்தப் பாட்டை அழுதுகொண்டே பாடினார்கள். நீ வந்துவிடுவாய் என்று நானும் கூடப் பாடினேன்.

கோயில் படிமேல் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர். திருவிழா பார்க்க என் பின்னாலேயே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் சிரித்தேன், ரக்ஷா. கை ஆட்டினேன்.

இறங்கி வந்து மூட்டையைப் பிரித்தார். எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக் கல்மேல் வைத்தார். பாதி முகத்தின்மேல் என் கொலுசு. பிறகு நிம்மோவைக் கையிலிருந்து எடுத்தார். "பொண்ணு எங்க வீட்டுது. நீ உங்க வீட்டுக்கு நட" என்றார். அடிக்கக்கூட இல்லை. அடித்திருந்தால் காலைப் பிடித்திருப்பேன்.

நடந்து வந்தேன். வாசலில் நீ தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, பெட்டியைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து எனக்கு வழி விட்டாய்.

முதலில் வாசல் தாண்டினவள்மேல்தான் பழி என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். நான் ஓடுகாலி. நீ எந்தக் குற்றமும் இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பின மகள். எனக்கு மட்டும் ஏன் இது தோன்றவில்லை?

மில்கி பெண்டாட்டி போன ஆத்திரத்தை யார்மேல் காட்டுவான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது போகட்டும். எனக்குப் பால் இன்னும் வற்றவில்லை. இரவில் சட்டை நனைகிறது. நிம்மோ ராத்திரி எழுந்தால் வலது பக்கம் படுக்க வைத்து முதுகைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் தூங்கமாட்டாள். அதை மட்டும் செய். உன் காலில் விழுகிறேன் என்று எழுதியிருந்தேனே, விழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

திரிப்தா


பனோடு,
1975 அக்டோபர் 26

திரிப்தா,

உனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை என்று கேட்டாய். நீ எப்போதும் கிடைக்கப்போவதைப் பார்த்துக்கொண்டு நடப்பவள். நான் விழப்போகிற அடியைப் பார்த்துக்கொண்டு நடந்து பழகிவிட்டேன், அதுவும் உன் வீட்டில்தான். பெரியம்மா மூலம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியது நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை.

நிம்மோ இடது பக்கம் படுத்தும் தூங்குகிறாள். ஆறு பல் வந்துவிட்டது. நடக்கிறாள். போன வாரம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா" என்றாள். என் அம்மா திருத்தப் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன். உன் வீட்டில் நான் ஒன்றை இழந்தேன். உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீதானே எழுதினாய், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது என்று.

இதோடு நிறுத்தியிருப்பேன். இனிமேல் உனக்கு எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அண்ணனுக்கு மறுபடியும் பெண் பார்த்துவிட்டார்கள். ஒரு தடவை கட்டினவன், பெண் குழந்தை வேறு, சும்மா யார் கொடுப்பார்கள்? பெண்ணுக்குப் பெண் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு என்னைக் கொடுக்கப்போகிறார்கள். நான் மாட்டேன் என்றேன். அண்ணன் பெல்ட்டைக் கழற்றினான். நீ எழுதியது சரிதான், அவன் ரஜாயைத் தேடவில்லை. அடுத்த மாதம் மஸ்ரூர் குளத்தங்கரையில் வைத்து என்னைப் பார்க்கிறார்கள். அதே படி.

மாப்பிள்ளை பெயர் துனி சந்த். உன் மாமா ஊர்க்காரன், மாமா வீட்டுக்கு அடுத்த வீடு. சின்ன வயதில் கோடை முழுக்க நீ அங்கேதான் இருப்பாய். உனக்கு அவனைத் தெரியும். இங்கே கேட்டால் எல்லோரும், "நல்ல பையன்" என்று ஒரே வார்த்தையாகச் சொல்கிறார்கள். அவன் மோசமானவன் என்று தெரிந்தால் பெரியம்மாவை விட்டு இந்தச் சம்பந்தத்தைக் கலைத்துவிடுவேன், அதற்கு எனக்கு வழி தெரியும். அதற்கு முன்னால் உண்மை தெரிய வேண்டும்.

நான் போய்விட்டால் நிம்மோ வரப்போகிற புதியவள் கையில். உன் மகளை யார் கையில் விடப்போகிறாய் என்பதையும் நினைத்துப் பதில் எழுது. சொன்னால், பெண் பார்க்க வரும்போது நிம்மோவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு தடவை தூக்கிக்கொள்.

ஒரு தடவை கேட்டால் நீ சொல்லமாட்டாய் என்று தெரியும். அதனால் இரண்டு தடவை கேட்கிறேன்.

துனி சந்த் எப்படிப்பட்டவன்?

திரிப்தா, அவன் எப்படிப்பட்டவன்?

ரக்ஷா


கடோல்,
1975 நவம்பர் 12

ரக்ஷாவுக்கு,

துனியை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டு.

பால் மாதிரி. பொங்குவான், அடங்கிவிடுவான்.

நிம்மோவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். குளத்தங்கரையில் குளிராக இருக்கும்.

திரிப்தா